எழும்பாத தடிப்பு

என் அக்கா எனக்குச் செய்ததை இதுவரை யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால், இதற்குப் போயா இத்தனை வருஷம் அவளுக்கு முகம் கொடுக்காமல் இருந்தாய் என்பார்கள். ஒரு மாத்திரை. விஷமா என்றால் இல்லை, எனக்கென்று டாக்டர் கொடுத்த மாத்திரைதான். அதைப் பொடி பண்ணிக் கேழ்வரகுக் கூழில் கலந்து, என்னிடம் சொல்லாமல் கொடுத்தாள். "அவ்ளோதானேடி" என்று அவளே பிற்பாடு சொன்னாள். அந்த அவ்வளவுதானில் என் உயிர் போய்த் திரும்பியது. இன்னொரு அம்மாளின் பிழைப்பு போனது திரும்பவேயில்லை.

புத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். ஆந்திரா தனி ராஜ்யமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊர்கள் அங்கேயே இருக்குமா, மதராஸோடு சேருமா என்று டீக்கடையில், ரயிலில், கல்யாணப் பந்தியில் எல்லாரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்போம், அவர் அந்தப் பேச்சில் முன்வரிசை. மனு எழுதிக் கையெழுத்து வாங்க ஊர் ஊராகப் போய்வருவார். எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை, மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தது. கடலை அடிக்கும் மாதங்களில் களத்துப் பக்கமே போகாவிட்டாலும், வீட்டைப் பெருக்கினால் போதும், இழுப்பு வந்துவிடும். தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்தபடி உட்கார்ந்திருப்பேன். அம்மா நான் சிறுபிள்ளையாய் இருந்தபோதே போய்விட்டாள். என்னைவிட எட்டு வயது மூத்த அக்காதான் எனக்குத் தலை வாரியது, சோறு போட்டது, முதுகு நீவியது எல்லாம். கல்யாணமாகி எதிர்வீட்டுக்கே போனவள், தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு எங்கள் வீட்டிலேயே கிடப்பாள். அவள் எதைக் கையில் கொடுத்தாலும் என்ன ஏதென்று கேட்காமல் குடிப்பேன்.

திருப்பதியில் ஒரு டாக்டர் இருந்தார். மதராஸில் படித்தவர். இழுப்பு எதனால் வருகிறதோ அதன் சாற்றையே மிகமிகக் கொஞ்சமாகத் தோலுக்கடியில் ஏற்றி, வாராவாரம் அளவைக் கூட்டி, உடம்பை அதற்குப் பழக்கிவிடுவது அவருடைய வைத்தியம். எனக்கு ஆகாதது வீட்டுத் தூசி. "எது ஆகலையோ அத்தையே உள்ள ஏத்துறானா, நல்லா கீது வைத்தியம்" என்று நைனா சிரித்தார். ஆனால் நாலைந்து மாதத்தில் நான் படுத்துத் தூங்க ஆரம்பித்தேன். படுத்து, காலை நீட்டி, மற்ற மனுஷர்களைப் போல. அதற்கப்புறம் நைனா சிரிக்கவில்லை.

ஊசியைவிட டாக்டர் கறாராக இருந்தது சோதனையில்தான். மருந்து பாட்டில் மதராஸிலிருந்து ரயிலில் வரும். ஒரு பாட்டிலைப் போல இன்னொன்று இருக்காது, புதுசில் வீரியம் கூடுதலாக இருந்தால் பழைய அளவே ஆளைக் கொன்றுவிடும் என்பார். அதனால் புதுப் பாட்டில் திறக்கிற நாளில் முதலில் முன்கையில் மூன்று கீறல். ஒன்றில் பழைய மருந்து ஒரு சொட்டு, ஒன்றில் புதுசு ஒரு சொட்டு, மூன்றாவதில் வெறும் உப்புத்தண்ணீர். இருபது நிமிஷம் காத்திருந்து, எழும்பின தடிப்பை ஸ்கேல் வைத்து அளப்பார்கள். பழசைவிடப் புதுசு பெரிதாக எழும்பியிருந்தால் அன்றைக்கு ஊசியின் அளவைக் குறைத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் செய்தது அங்கே இருந்த நர்சம்மா. நாற்பது வயதிருக்கும். சூளூர்பேட்டைப் பக்கத்துத் தெலுங்குக்காரர், புருஷன் இல்லை, ஒரே மகளை ஹாஸ்டலில் விட்டுப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெலுங்கும் வரும், அவருக்குத் தமிழும் வரும், இரண்டையும் கலந்து கட்டித்தான் பேசிக்கொள்வோம். தடிப்பைத் தெலுங்கில் தத்து என்பார்கள். முதல் நாள் அவர் "தத்து ஒச்சிந்தா" என்று கேட்க, எங்கள் வீட்டில் யாரும் பிள்ளையைத் தத்துக் கொடுக்கவில்லையே என்று நான் முழிக்க, அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எந்தக் கீறல் எது என்று தெரிய, பக்கத்தில் மையால் ஓர் எழுத்து எழுதுவார். பழசுக்கு 'பா', புதுசுக்கு 'கொ', தண்ணீருக்கு 'நீ'. பாத, கொத்த, நீளு என்று தெலுங்கு வார்த்தைகளின் முதல் எழுத்து, தெலுங்கு லிபியிலேயே. அதைப் பார்த்து நைனாவுக்கு வந்ததே கோபம். ஸ்டேஷன் போர்டில் தமிழ் வேண்டுமென்று அவர் மனு எழுதிக்கொண்டிருக்க, சொந்த மகள் கையில் தெலுங்கை எழுதிக்கொண்டு வந்து நிற்கிறாள் என்று அன்று சாப்பிடாமல் எழுந்துபோனார். அக்கா புளியைப் போட்டுத் தேய்த்து மையை அழித்தாள். தடிப்பைத்தான் அழிக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் அடங்கினாலும், மறுநாள் அதே இடம் சிவந்து கன்றிப்போய் இரண்டு நாள் இருக்கும்.

நடுவில் ஒரு தரம் உடம்பெல்லாம் அரிப்பு எடுத்ததற்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். கொடுக்கும்போதே அக்காவையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். ஊசிக்கு வருவதற்கு மூன்று நாள் முன்னாலிருந்து இதைத் தொடக்கூடாது. தொட்டால் தடிப்பு எழும்பாது, சோதனை பொய் சொல்லும். எவ்வளவு அரித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது முழுதாகப் புரிந்தது. அக்காவுக்கு அதில் பாதி மட்டும் புரிந்தது: இதைப் போட்டால் தடிப்பு எழும்பாது.

அந்த வருஷம் திருத்தணிப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார். எல்லை எந்தப் பக்கம் விழுந்தாலும் நமக்கு ஒரு கால் அந்தப் பக்கம் இருக்கட்டும் என்பது நைனாவின் யோசனை. எங்கள் வகையறாவில் பெண் பார்க்க வருகிறவர்கள் பூவோடு கண்ணாடி வளையலும் கொண்டுவருவார்கள். பிடித்திருந்தால், பிள்ளையின் அம்மா பெண்ணின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து வளையலை அடுக்கிவிடுவாள். அந்தச் சாக்கில் முழங்கை வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தும்விடுவாள், சொறி, சிரங்கு, வெள்ளைத் தழும்பு ஏதாவது தெரிகிறதா என்று. எனக்கு இழுப்பு இருப்பதை எங்கள் வீட்டில் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் வருவதாக இருந்தது சனிக்கிழமை. எனக்குத் திருப்பதி வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமைதான் புதுப் பாட்டில் திறக்கவேண்டிய நாள்.

இந்த ஒரு வாரம் போகவேண்டாம் என்றாள் அக்கா. நான் முடியாது என்றேன். வாரம் தவறினால் அளவைக் குறைத்து மறுபடி கீழேயிருந்து ஏறவேண்டும், ஏறுவதற்குள் கடலைக் காலம் வந்துவிடும். கல்யாணத்தைவிட எனக்கு மூச்சு முக்கியம் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். நைனா அக்காவைப் பார்த்தார். அக்கா பதில் பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால் ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொள்வது எனக்கு வழக்கம்.

வெள்ளிக்கிழமைக் காலையில் கூழ் கசந்தது. வெந்தயம் கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது, உடம்புக்குக் குளிர்ச்சிதான், குடி என்றாள். குடித்தேன். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணைச் சுற்றிக்கொண்டு தூக்கம் வந்தது. ரயிலில் தூங்குகிற பழக்கமே எனக்குக் கிடையாது. ரேணிகுண்டாவில் வண்டி மாற அக்கா என்னை உலுக்கி எழுப்பவேண்டியிருந்தது. விடியற்காலையில் எழுந்த அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

நர்சம்மா வழக்கம்போல மூன்று கீறல் போட்டு, மூன்று சொட்டு வைத்து, மூன்று எழுத்தும் எழுதினார். இருபது நிமிஷம் கழித்து வந்து பார்த்தார். ஒன்றுமே எழும்பவில்லை. புதுசு எழும்பாவிட்டால்கூடப் பரவாயில்லை, எப்போதும் எழும்புகிற பழசும் எழும்பவில்லை. தண்ணீர் வைத்த இடமும் மருந்து வைத்த இடமும் ஒரே மாதிரி இருந்தன. என் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, குனிந்து பார்த்தார்.

"மாத்ர ஏதைனா போட்டுக்கினியா அம்மாயி?"

"இல்ல நர்சம்மா, தொடவே இல்ல" என்றேன். நெஞ்சறிந்து சொன்ன உண்மை அது. அக்கா அதே பெஞ்சில் என் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தாள். முந்தானை நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

நர்சம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. உள்ளே போய், பழசே எழும்பவில்லை, இன்றைக்கு ஊசி வேண்டாம், இன்னொரு நாள் சோதித்துவிட்டுப் போடலாம் என்று டாக்டரிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது. டாக்டர் வெளியே வந்து என்னையும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். அவருக்குச் சந்தோஷம், உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்றார். அப்போது அக்கா வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்வதற்கு அல்ல.

"இப்பல்லாம் அவளுக்கு நல்லா கீது டாக்டர். ஊசியப் போட்டுடுங்க."

போட்டார்கள். குறைக்காமல், புதுப் பாட்டிலிலிருந்து முழு அளவு. ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரவேண்டும் என்பது அங்கே விதி, அதனால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன். பத்து நிமிஷத்தில் உள்ளங்கை அரித்தது. பிறகு நாக்கு தடித்து வாய்க்குள் அடங்காமல் போனது. தொண்டைக்குள் துணியை அடைத்தது மாதிரி இருந்தது. இழுப்பில் மூச்சு திணறுவது எனக்குப் பழகின பயம், இது வேறு. நர்சம்மா ஓடிவந்து, ஊசி போட்ட கையை ரப்பர் குழாயால் இறுக்கிக் கட்டினார். தட்டில் எப்போதும் நிரப்பியே வைத்திருக்கும் வேறொரு மருந்தை மறுகையில் குத்தினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் குத்தினார். டாக்டர் உள்ளேயிருந்து வருவதற்குள் இதெல்லாம் நடந்துவிட்டது. எனக்கு மூச்சு திரும்பியபோது என் தலை அவர் மடியில் இருந்தது.

சாயங்கால வண்டியில் வீட்டுக்கு வந்தோம். மறுநாள் பெண் பார்க்க வந்தார்கள். உதடு இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது. குளவி கொட்டிவிட்டது என்று அக்கா கூசாமல் சொன்னாள். பிள்ளையின் அம்மா என் கையை மடியில் வைத்து, வளையலை அடுக்கி, "கை நல்லா மழமழன்னு கீது" என்றாள். நைனா பெரிய மூச்சாக விட்டார். நான் அப்போதும் எதையும் சந்தேகப்படவில்லை, என் மடத்தனத்தை நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவோடு போனால் நர்சம்மா இல்லை. வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். நானே அனுப்பிவிட்டேன் என்றார் டாக்டர். மருந்து வைத்த இரண்டு கீறலும் எழும்பவில்லை என்றால் ஒழுங்காகக் கீறவில்லை என்று அர்த்தம், பேருக்குத் தடவிவிட்டுச் சோதனை ஆயிற்று என்றவரை வைத்துக்கொள்ள முடியாது என்றார். ஊசி வேண்டாம் என்று எச்சரித்தவரே நர்சம்மாதான் என்பது டாக்டருக்கு ஞாபகமே வரவில்லை. கீறினார், ரத்தம்கூடத் துளிர்த்தது, நான் பார்த்தேன் என்றேன். அப்படியானால் உன் தோலை நம்பி இனிமேல் ஊசி போட முடியாது, சோதனை பொய் சொன்னால் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, மாத்திரை எதுவும் போடவில்லையே என்று மறுபடி கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கணத்தில்தான் கூழின் கசப்பும் ரயில் தூக்கமும் ஒன்றாக ஞாபகம் வந்தன. திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு விஷயத்தை முதலில் வீட்டாளிடம் கேட்போம் என்று நான் பேசாமல் எழுந்துவிட்டேன்.

ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் கேட்டேன்.

"கூழ்ல இன்னா போட்ட?"

மறுக்கவில்லை. "ஒரே ஒரு மாத்திரை. அவ்ளோதானேடி. டாக்டரு குடுத்ததுதானே" என்றாள். தடிப்பை அடக்குகிற மாத்திரை ஊசியையும் அடக்கிவிடும், ஒன்றும் ஆகாது என்று நினைத்தாளாம். நர்சம்மா கேட்டபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா ஊசி போட்டிருக்க மாட்டாங்க. வாரம் தவறக் கூடாதுன்னு நீதானே குதிச்சிக்கினு இருந்த? இப்ப ஊசியும் ஆச்சு, பொண்ணு பாத்துக்கினும் போய்ட்டாங்க."

எனக்கு நல்லது செய்துவிட்டதாகவே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. தாயில்லாத குறை தெரியாமல் வளர்த்தாள் என்று ஊரே அவளைச் சொல்லும். எனக்கு அம்மா இல்லை என்பது அன்றைக்கு அந்தப் பிளாட்பாரத்தில்தான் முதல் தடவையாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "முடிஞ்சி போச்சி, விடு" என்றார். குரலில் ஆச்சரியமே இல்லை. அவருக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. டாக்டரிடம் போய் உளறிவைக்காதே, மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்கள் திருப்பதியில் இருக்கிறார்கள், பேச்சு போய்ச் சேர்ந்துவிடும் என்றார். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தது.

இத்தனை மூடி மறைத்த இழுப்பு, கல்யாணமாகி ஒரு மாதத்தில் என் புருஷனுக்குத் தெரிந்துபோனது. முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன என்று மட்டும் கேட்டார். பிற்பாடு எல்லையும் முடிவானது. திருத்தணி மதராஸுக்குப் போனது, புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. நான் ஒரு ராஜ்யம், அக்கா ஒரு ராஜ்யம். மணிக்கணக்காகப் பிரயாணம் ஒன்றும் இல்லை, பக்கத்தில்தான், ஆனாலும் போகாமலிருக்க எனக்கு அது சௌகரியமான சாக்காக இருந்தது.

ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் நடந்த ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. முதல் பத்திரிகையை மலையில் பெருமாள் முன் வைத்துக் கும்பிட எல்லாரும் திருப்பதிக்குப் போனோம். நைனாவும் அக்காவும் அலிபிரியிலிருந்து நடந்து ஏறுவதாக வேண்டுதல். என்னால் ஏற முடியாது என்று கீழே சத்திரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நான் கிளம்பினேன். டாக்டர் வீட்டில் பெருக்குகிற அம்மாளிடம் விசாரித்துக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் நர்சம்மா குடியிருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன்.

படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மகளை ஹாஸ்டலிலிருந்து கூட்டிவந்துவிட்டாராம், அண்ணன் வீட்டோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். சோதனையை ஒழுங்காகச் செய்யாதவர் என்று பேச்சுப் பரவி, ஊரில் வேறு எந்த டாக்டரும் சேர்த்துக்கொள்ளவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். கூழ், மாத்திரை, அக்கா, நைனா, ஒன்றுவிடாமல். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. என் சொந்தக்காரர்களே என்னை இப்படிச் செய்துவிட்டார்கள் என்றேன். அவர் தண்ணீர் கொடுத்தார், குடிக்கும்வரை காத்திருந்தார். அன்றைக்கே உன் அக்கா முகத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம்தான், ஆனால் கேட்டது உன்னை, நீ இல்லை என்றாய், உன்னை நம்பினேன் என்று சொன்னார். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு செருப்பைத் தேடினார்.

"டாக்டரு இப்ப இருப்பாரு. பத்து நிமிஷ நடைதான். இப்ப சொன்னத அங்க வந்து சொல்லு அம்மாயி, அது போதும்."

அவர் வேலை திரும்பும். என் தோல் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தால் எனக்கு ஊசியும் திரும்பும். பத்து நிமிஷ நடை. நான் தம்ளரைக் கீழே வைத்தேன். கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் நின்றுவிடும், கல்யாணம் முடிந்ததும் டாக்டருக்கு நானே விவரமாகக் கடிதம் எழுதுகிறேன் என்றேன்.

நர்சம்மா ஒரு காலில் செருப்போடு நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

"அன்னிக்கு நான் கேட்டப்ப மீ அக்கா வாய மூடிக்கினா" என்றார். "இன்னிக்கு நீ."

செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, மறுபடி படுக்கையைச் சுருட்ட ஆரம்பித்தார். நான் சத்திரத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கிவந்த அக்கா, லட்டைப் பிட்டு என்னிடம் நீட்டினாள். கையை நீட்டி வாங்கித் தின்றேன். டாக்டருக்குக் கடிதம் எழுதவில்லை. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.